மலைப்பள்ளிகளும் பதினோராம் வகுப்புப் பரீட்சையும்

பள்ளி இறுதிப் பரீட்சையின் விதிகள் மாறும்பொழுதெல்லாம் நகரத்தாரிடையே பெருவாதம் எழுதல் வழக்கம். மலைமேல் வாழ்வார் அவ்வாதத்தில் நினைக்கப்படுதல் அரிது. 2025 ஆகஸ்ட் 8-ஆந் தேதி வெளியிடப்பெற்ற தமிழ்நாட்டு மாநிலக் கல்விக் கொள்கையின்படி, பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை 2025-26-ஆம் கல்வியாண்டு முதல் நீக்கப்பெற்றது. இம்மாற்றம் ஜவ்வாது மலைச் சிறார்க்கு நன்மையே. ஆயினும் பள்ளிகளை ஆயத்தஞ் செய்தாலன்றி அந்நன்மை கைகூடாது என்பது எமது துணிபு.

இப்பரீட்சை தோன்றிய காரணத்தை முதற்கண் நோக்குவோம். 1978-இல் பழைய பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி.யும் கல்லூரிப் புகுமுக வகுப்பும் ஒழிந்து, பத்தின்மேல் இரண்டாண்டு என்னும் மேனிலைக் கல்வி வந்தது. கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே கணக்காயிற்று. ஆகவே பொருள் பெருத்த தனியார் பள்ளிகள் சில, பதினோராம் வகுப்பு நூல்களை மூடி வைத்துவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போடுவித்தன. அதனைத் தடுக்கவே 2017-இல் ஆணை பிறந்து, 2018 மார்ச்சில் முதற் பரீட்சை நடந்தது. நோய் கண்டது சமவெளியில். மருந்து புகட்டப்பட்டதோ மலைப்பிள்ளைக்கும்! மூன்றாண்டு தொடர்ந்து பொதுப் பரீட்சை எழுதுதல் எவர்க்கும் பாரமே. எழுத்தறியாப் பெற்றோரின் வீட்டிலிருந்து வந்து, உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் பயில்வார்க்கு அது எத்துணைப் பாரம்!

தோற்றவரும் பன்னிரண்டாம் வகுப்பிற் சேரலாம் என்று விதி இடங்கொடுத்தது உண்மையே. ஆனால் தோற்றான் என்ற சொல் ஊருக்கு எட்டியபின் விதியை யார் படித்துப் பார்ப்பார்? நகரத்துப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உண்டு. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பையனைச் சாமைக்கொல்லை அழைக்கும். அது போதாதபொழுது வெளியூர்க் கூலி அழைக்கும். 2015 ஏப்ரல் 7-ஆந் தேதி, ஆந்திர நாட்டுச் சேஷாசல வனத்தில், செம்மரம் வெட்டச் சென்றார் என்று போலீசாராற் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இம்மலையினரும் இருந்தனர். கூலிக்காக மலையிறங்கும் வழியின் கோரத்தை அந்நாள் காட்டிற்று. ஒரு பிள்ளையை இன்னும் ஓராண்டு வகுப்பில் நிறுத்திவைத்தல் அற்பக் காரியமன்று.

இனி, மறுபுறமும் ஒன்றுண்டு. பொதுப் பரீட்சையுள்ள வகுப்புக்கு உபாத்தியாயர் இல்லையெனில் அதிகாரி கேட்பார், பத்திரிகை கேட்கும். பரீட்சையில்லா வகுப்புக்காக யார் கேட்பார்? இரசாயன உபாத்தியாயர் ஒருவரே உள்ள பள்ளியில், தலைமையாசிரியர் அவரைப் பன்னிரண்டாம் வகுப்புக்கே மிகுதியாய் அனுப்புவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் பதினோராம் வகுப்பு அப்பொழுது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சாவடிபோல் ஆகிவிடும். நுண்கணிதம் தொடங்குவது அவ்வகுப்பிலே. வைத்தியக் கல்லூரிக்குரிய நீட் பரீட்சையும் ஈராண்டுப் பாடங்களிலிருந்தும் வினவுகிறது. இம்மலையிலுள்ள காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி வானத்தை ஆராய்ந்து வருகிறது. அதன் அயலிலே வளரும் பிள்ளை ஈர்ப்பு விதியைச் செவ்வையாய்ப் பயிலாமற் பன்னிரண்டாம் வகுப்பேறுதல் பரிகாசமன்றோ?

ஆதலின் ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன்னரே, பாடந்தோறும் முதுகலை உபாத்தியாயர் பதினோராம் வகுப்புக்கென்று குறிக்கப்படல் வேண்டும். அவர் மலைமேல் தங்கத்தக்க வீடும் வேண்டும். வீடு கொடாமல் ஊக்கத்தை மட்டும் எதிர்பார்த்தல் நியாயமாகாது. இங்கே ஓர் இடர் உண்டு. பரீட்சை விதி வகுப்பது பள்ளிக்கல்வித் துறை; உறைவிடப் பள்ளிகளை நடத்துவது ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை; வனத்துறை நடத்தும் பள்ளிகளும் இம்மலையில் உள. ஒரு துறையின் ஆணைக்கு ஏற்ப மற்றொரு துறையின் காலியிடம் நிரம்புவது எப்பொழுது? மாவட்ட ஆட்சியர் மூன்று துறையாரையும் ஒருங்கு கூட்டி, மே மாதத்திலேயே கணக்குக் கேட்டல் தகும்.

பள்ளியின் சொந்த மதிப்பெண்ணை நம்பலாகாது என்பார் உளர். 1911-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷனுக்கு மாறாக எஸ்.எஸ்.எல்.சி. வந்தபொழுது, வகுப்பிற் பெற்ற மதிப்பெண்களும் சான்றிதழிற் பதியப்பெற்றன. இஃது ஒன்றும் புதுமையன்று. ஐயமுடையார்க்கு எளிய வழியுண்டு: காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களை அயற்பள்ளி உபாத்தியாயர் திருத்துக.

அடிவாரத்துக் கல்லூரிகளும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. சனிக்கிழமைதோறும் இரசாயன வகுப்பு மாணவர் நால்வர், பேராசிரியர் ஒருவரோடு மேலேறிச் சென்று, அரை நாள் செய்முறைப் பாடம் நடத்தலாம். அதற்கு அரசாணை எதுவும் வேண்டா. பஸ் கட்டணமும் ஒரு பெட்டி கண்ணாடிக் குழாய்களும் போதும்.