12 வருஷம்... ஒரு குகை... ஒரே ஒரு ஆள்!

ஹாஸ்டல் ரூம்ல ஒரு ஞாயித்துக்கிழமை தனியா இருந்தாலே நமக்கு வெறுத்துப்போகும். போன்ல சார்ஜும் தீர்ந்துட்டா... சொல்லவே வேணாம்! ஆனா, தனியா உட்கார்றதையே பயிற்சியா எடுத்துக்கிட்டவங்க நம்ம காஞ்சிபுரத்துக்குப் புதுசு இல்லை பாஸ்.

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன இந்த ஊர், ஒரு காலத்தில் பௌத்தத்துக்கும் பேர்போனது. 7-ம் நூற்றாண்டில் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங், இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கள், 10,000 துறவிகள் என்று எழுதியிருக்கிறார். மணிமேகலை கடைசியில் நோன்பிருந்த ஊரும் இதுதான். சீனாவில் 9 வருடம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்ததாகச் சொல்லப்படும் போதிதர்மரையும் காஞ்சிக்காரர் என்பார்கள். 2011-ல் 'ஏழாம் அறிவு' பார்த்து விசிலடிச்சவங்களுக்கு அவரோட சண்டை ஞாபகம் இருக்கும்... சுவர்?

சரி, அப்படி உட்கார்ந்தா என்னதான் நடக்கும்? நம்ம காலத்து ஆளையே பார்ப்போம். டென்சின் பால்மோ, 1943-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இந்தியா வந்து திபெத்திய பௌத்தத் துறவி ஆனார். 1976-ல் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் மலையில், 13,000 அடிக்கு மேலே ஒரு குகையில் குடியேறினார். 12 வருஷம் அதுதான் வீடு. கடைசி 3 வருஷம் முழுத் தனிமை. படுக்கை கிடையாது, ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தபடியே தூக்கம். உருளைக்கிழங்கை அவரே பயிரிட்டுக்கிட்டார். ஒருமுறை பனி குகையையே மூடிவிட, உள்ளேயிருந்து தோண்டித்தான் வெளியே வந்தார். 1988-ல் அந்தத் தனிமையைக் கலைச்சது யார் தெரியுமா? விசா பிரச்னைக்காகக் கதவைத் தட்டிய போலீஸ்காரர்!

நம்மால் குகைக்கெல்லாம் போக முடியாது. காஞ்சியிலிருந்து சென்னை போற பக்கம், திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' விபாசனா மையம் இருக்கு. 10 நாள் பயிற்சி. கூட நிறைய பேர் இருந்தாலும் ஒவ்வொருத்தரும் தனிதான். செல்போனை ஒப்படைக்கணும். பேச்சு, புத்தகம், பேனா எதுவும் கிடையாது. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும்.

இந்த மாதிரி பயிற்சிக்குப் போனவங்க பலரும் சொல்றது ஒண்ணுதான். முதல்ல முட்டி வலி, தூக்கம். அப்புறம் பழைய சண்டை, கைகூடாத காதல், ஸ்கூல்ல பட்ட அவமானம்னு வரிசையா கிளம்பும். வெளியே நிசப்தம், உள்ளே மார்க்கெட் இரைச்சல்! ஓடிடலாமான்னு தோணும். தாக்குப்பிடிச்சா, வலியைப் போலவே கோபமும் வந்துட்டுப் போயிடும்னு புரிய ஆரம்பிக்கும்.

ஒரு எச்சரிக்கை... மனசு நொறுங்கிக் கிடக்கும்போது தேவை தனிமை இல்லை, துணை. மனநல சிகிச்சையில் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம கிளம்பவே கூடாது. விண்ணப்பத்திலேயே இதைக் கேட்பாங்க, மறைக்காதீங்க.

பால்மோவும் குகையோடு நின்னுடலை. 2000-ல் இமாசலத்திலேயே பெண் துறவிகள் படிக்க ஒரு மடம் ஆரம்பிச்சார். மனுஷங்களைப் பிடிக்காம ஓடினவர் செய்ற வேலையா இது?

இன்னிக்கு ராத்திரி போனை அடுத்த ரூம்ல வெச்சுட்டு, 10 நிமிஷம் சும்மா உட்காருங்களேன். உள்ளே யார் முதல்ல பேசுறாங்கன்னு கேளுங்க!