வீடு விற்க ஏற்ற பருவம்

மும்பையில் வீடு விற்போர் பலர் நவராத்திரி முதல் தீபாவளி வரையிலான நாள்களையே நாடுவர். அதற்கு முந்திய பித்ரு பட்சத்தில் வீடு வாங்கப் பலரும் தயங்குவர். நம்மவர் ஆடியில் தயங்குவது போலத்தான். விழாக்காலத்தில் வாங்குவோர் மிகுதி என்பது மெய்யே. ஆயினும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழையின்போதே வீட்டைக் காட்டுதல் வேண்டும் என்பது என் கருத்து. தளம் ஒழுகுகிறதா, சுவரில் ஓதம் ஏறியுள்ளதா, வாயிலில் வெள்ளம் தேங்குகிறதா என்பன அப்போதுதான் புலப்படும். மழை ஓய்ந்தபின் வெள்ளையடித்த சுவர் எதையும் சொல்லாது. வாங்குபவரோ வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து, 20 ஆண்டுக் கடனையும் சுமக்கப் போகிறவர். ஒழுகாத வீட்டுக்கு மழையால் இழப்பில்லை. ஒழுகும் வீட்டுக்கு விலை குறையலாம். செப்பனிடும் செலவை அறியாதவர் தலையில் சுமத்துவது முறையாகுமா?