உடைந்த தடுப்பு வேலிக்கும் ஒரு கெடு வேண்டும்

ஆக்லாந்தின் மேற்கே வைட்டாக்கரே மலைத்தொடரைக் கடந்து பிஹா, கரேகரே, தே ஹெங்கா கடற்கரைகளுக்கு இறங்கும் சாலைகளின் வளைவுகள் பலவற்றில், வண்டிக்கும் பள்ளத்துக்கும் இடையே நிற்பது ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயரமுள்ள இரும்புத் தடுப்பு வேலி மட்டுமே. வடக்கே ரோட்னி, தெற்கே ஃபிராங்க்ளின் பகுதிகளின் பண்ணைச் சாலைகளிலும் இத்தகைய வளைவுகள் உண்டு. வால்பாறைப் பாதையின் நாற்பது கொண்டையூசி வளைவுகளில் ஏறி இறங்கியவர்களுக்கு அந்த வேலியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மோதலில் சிதைந்த வேலி எத்தனை நாளுக்குள் சீராக வேண்டும் என்பதற்குப் பொதுமக்கள் சரிபார்க்கக்கூடிய ஒரு கெடு விதிக்கப்பட வேண்டும் என்பதும், ஆக்லாந்தின் சாலைப் பொறுப்பு கைமாறும் இக்காலமே அதற்கு உகந்தது என்பதும் இத்தலையங்கத்தின் நிலைப்பாடு.

சிதைந்த வேலியைப் பாதிப் பாதுகாப்பு என்று கருதும் எண்ணம் நிர்வாகங்களிடமும் ஓட்டுநர்களிடமும் பரவலாக இருப்பதால், வேலி செயல்படும் முறையை முதலில் விளக்க வேண்டியுள்ளது. குறுக்குவெட்டில் இரட்டை மடிப்பாகத் தெரியும் நெளிதகடு, வரிசையான முளைகளில், அதாவது மண்ணில் அறையப்பட்ட தூண்களில், பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டியைத் தடுத்து நிறுத்துவது தூண்களின் வலிமை என்று தோன்றினாலும் உண்மை வேறு. மோதலின்போது தூண்கள் சாயவும் தகடு அவற்றிலிருந்து விடுபடவுமே வடிவமைக்கப்பட்டுள்ளன, இரு முனைகளிலும் நங்கூரமிடப்பட்ட தகடுதான் நாடாபோல் இழுபட்டு, வண்டியைத் தாங்கிச் சாலையின் திசைக்கே திருப்புகிறது. எனவே ஒரு முனையின் நங்கூரம் நசுங்கினால் அதன் விளைவு அந்த முனையோடு நிற்பதில்லை, அதை அடுத்த நீளத்துக்கும் இழுவிசை இல்லாமற்போகிறது. நேருக்கு நேர் மோதும் வண்டியின் வேகத்தை உள்வாங்கும்படி அமைந்த முனையமைப்போ ஒருமுறை நசுங்கியபின் மறுமுறை நசுங்க இடமற்றது.

அமெரிக்காவின் தேசிய கூட்டுறவு நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டம் 2010-இல் வெளியிட்ட 656-ஆம் அறிக்கை, எவ்வகைச் சேதத்தை முதலில் சீராக்க வேண்டும் என்ற இக்கேள்வியையே ஆராய்ந்தது. ஏற்கெனவே ஒரு மோதலில் வளைந்திருந்த வேலியில் நடத்தப்பட்ட சோதனையில் இரண்டாவதாக மோதிய வண்டி வேலியைத் தாண்டிச் சென்றது; தகட்டில் செங்குத்தாக ஓடும் கிழிசலும் காணாமற்போன தூணும் உடனடிக் கவனத்துக்குரியவை என்று அறிக்கை வகைப்படுத்தியது. கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் கிழிசல் பெரிய நெளிவைவிட ஆபத்தானதாக இருக்கலாம் என்பதால், சாலையில் கடந்து செல்பவரின் பார்வையை மட்டும் நம்பி முன்னுரிமை தீர்மானிக்க முடியாது. 2023 ஜனவரி 27 வெள்ளமும் அடுத்த மாதம் வீசிய கேப்ரியல் புயலும் வைட்டாக்கரே மலைச் சாலைகளில் உண்டாக்கிய மண்சரிவுகள் இன்னொரு வகைச் சேதத்தையும் நினைவூட்டுகின்றன: தகடு நேராகவும் பளபளப்பாகவும் நிற்க, தூணுக்குப் பின்னால் இருந்து அதைத் தாங்கிய மண் சரிந்து போயிருக்கும். அத்தகைய வேலி ஓட்டுநருக்குப் பொய்யான தைரியத்தையே தருகிறது.

இவ்வளவு நுட்பமான பொருளின் சீரமைப்பை எந்த அளவுகோலும் நேரடியாக அளப்பதில்லை. நியூசிலாந்தில் உள்ளூர் மன்றங்கள் சாலை, நடைபாதை ஆகியவற்றைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கையிட வேண்டியவற்றை 2013-இன் செயல்திறன் அளவீட்டு விதிகள் ஐந்தாக வரையறுத்தன. உயிரிழப்பும் கடுங்காயமும், சாலைப் பரப்பின் சமதளத் தன்மை, மறுபூச்சுப் பெற்ற நீளம், நடைபாதைகளின் நிலை ஆகியவை முதல் நான்கு. ஐந்தாவது, மக்களின் கோரிக்கைகளுக்குக் குறித்த காலத்துக்குள் பதிலளித்த விகிதம். ஒருவர் புகார் தந்து, ஊழியர் வந்து பார்த்து, ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வைத்துச் சென்றாலே பதில் அளித்ததாகிவிடும், வேலி சீராகியிருக்க வேண்டியதில்லை. சாலைக் கூம்புகள் அளவுக்கு மீறிப் போய்விட்டன என்ற முறையீடுகளைப் பெற 2025 ஜூனில் அரசு தனியொரு புகார் வசதியையே தொடங்கியது. நசுங்கிய வேலிக்குக் காவலாக மாதக்கணக்கில் நிற்கும் கூம்பைப் பற்றியே உண்மையில் அதிகம் முறையிட்டிருக்க வேண்டும்.

சாலைக் குழிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. மாநில நெடுஞ்சாலைகளில் குழிகளை 24 மணி நேரத்துக்குள் மூடவேண்டும் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டு, அதன் முடிவுகளும் வெளியிடப்படுகின்றன. 2024-இன் அரசுக் கொள்கை அறிக்கை குழித் தடுப்புக்கென்றே தனி நிதித் தலைப்பை உருவாக்கி, மறுபூச்சு, அடித்தளச் சீரமைப்பு, வடிகால் ஆகியவற்றுக்கு அதை ஒதுக்கியது. தடுப்பு வேலியோ மற்றப் பராமரிப்புச் செலவுகளோடு போட்டியிடும் தலைப்பில் விடப்பட்டது. குழி ஒவ்வோர் ஓட்டுநரின் சக்கரத்தையும் அன்றாடம் தொடுகிறது, வேலியின் தேவை ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வராமற்போகலாம். வாக்குகளின் கணக்கில் இவ்வேறுபாடு புரிந்துகொள்ளத்தக்கதே என்றாலும் பொறியியலின் கணக்கில் இதற்கு நியாயமில்லை.

வேறு நாடுகளில் நிர்வாகத்தை விரைவுபடுத்தும் வழக்குப் பயமும் இங்கில்லை. 1974 முதல் நியூசிலாந்தில், யார் தவறு என்று பாராமல், விபத்தில் காயமுற்றவருக்கு அரசின் விபத்து ஈட்டுறுதி நிறுவனமே சிகிச்சைச் செலவையும் இழந்த வருமானத்தின் பெரும்பகுதியையும் தருகிறது. பதிலுக்கு, உடற்காயத்துக்காக இழப்பீடு கேட்டு வழக்கிடும் உரிமை நீக்கப்பட்டுள்ளது. காயமுற்றவரை நீதிமன்றப் படிகளில் ஏற்றாத இந்த ஏற்பாடு பெருமைக்குரியது, அதைக் குலைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அமெரிக்க மாநிலமொன்றில் வழக்கறிஞரின் கடிதம் தரும் நெருக்கடியை இங்கே வேறேதேனும் தந்தாக வேண்டும். மரண விசாரணை அதிகாரியின் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்தாத நிலையில், அந்த வேலையைச் செய்ய எஞ்சியிருப்பது வெளியிடப்பட்ட கெடு ஒன்றே.

பணமில்லை என்ற மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உள்ளூர்ச் சாலைகளின் பராமரிப்பில் ஆக்லாந்துக்குத் தேசிய நிலப்போக்குவரத்து நிதி 51 விழுக்காட்டைத் தர, எஞ்சியது பெரிதும் சொத்துவரி செலுத்துவோரிடமிருந்தே வர வேண்டியுள்ளது; முனையமைப்புகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால் உதிரிப்பாகங்களைக் கையிருப்பில் வைப்பதும், ஒற்றைத் தடச் சாலையில் போக்குவரத்தை நிறுத்தி வேலை செய்வதும் செலவைக் கூட்டுகின்றன. மோதியவரிடம் செலவை வசூலிக்க இயலும் என்றாலும், பிறர் உடைமைக்கான வாகனக் காப்பீடு இந்நாட்டில் கட்டாயமில்லை, இடித்தவர் பலர் நின்று பெயர் சொல்வதுமில்லை. எனவே எல்லாச் சேதத்தையும் ஒரே வாரத்தில் சீராக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாதது. வேண்டுவது தரம் பிரித்த கெடு: கிழிந்த தகடு, இழந்த தூண், நசுங்கிய முனை, மண் சரிந்த அடி ஆகியவற்றுக்கு நாட்கணக்கிலும், மேலோட்டமான நெளிவுகளுக்கு மாதக்கணக்கிலும் கெடு இருக்கலாம். முதல் வகையில் கெடு தவறும் இடத்தில், கூம்போடு நில்லாமல், தற்காலிக வேகக் குறைப்போ இடம்பெயர்க்கக்கூடிய தடுப்போ கட்டாயமாக்கப்பட வேண்டும்.

கவுண்டி மன்றங்கள் 1989-இல் கலைக்கப்படும்வரை இச்சாலைகளின் பொறுப்பு பல இடங்களில் அவற்றிடமே இருந்தது. 2010-இல் மன்றங்கள் ஒன்றாக்கப்பட்டபோது பொறுப்பு ஆக்லாந்து டிரான்ஸ்போர்ட் என்ற தனி அமைப்பிடம் சென்றது. அந்த அமைப்பு 2017-இல் நகரின் சாலைகளில் 64 பேர் இறந்த அதிர்ச்சிக்குப்பின், 2050-க்குள் சாலைச் சாவே இல்லாத நிலையை எட்டுவதாக 2019-இல் உறுதியேற்றது. சாலைப் பொறுப்பை மாநகர மன்றத்துக்கும் உள்ளூர் வாரியங்களுக்கும் திருப்பித் தருவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. பொறுப்பை ஏற்கும் வாரியங்கள் பழைய அமைப்பிடமிருந்து பெற வேண்டிய ஆவணங்களில், எந்தச் சாலையின் எந்த வளைவில் வேலி சிதைந்துள்ளது, அது தெரியவந்த நாள் எது, இடைக்கால ஏற்பாடு என்ன என்ற பட்டியல் முதலாவதாக இருக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அதைப் பொதுவில் வெளியிடும் கடமையை வைட்டாக்கரே, ரோட்னி, ஃபிராங்க்ளின் வாரியங்கள் வேறெவரும் கட்டளையிடக் காத்திராமல் தாமே ஏற்கலாம்.