எச்சில் தட்டு

முதல் மணிநேர வகுப்புக்குத் தவறாமல் தாமதமாக வருகிற மாணவி ஒருத்தி எனக்கிருந்தாள். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் அழுத்திக் கேட்டதும், "அண்ணனுக்குச் சட்டை தேய்ச்சுக் குடுத்துட்டு வந்தேன் மேடம்" என்றாள். அந்த அண்ணன் பொறியியல் படிக்கிறான். நான்கு வருடம் இயந்திரங்களைப் பற்றிப் படிக்கிறவனுக்கு ஓர் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை.

இவளுக்கு ஊரில் "பொறுப்பான பெண்" என்று பேர். பத்து வயதிலேயே சோறு வடித்தவளாம். பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே வீட்டு வேலை பழக்குங்கள், சொந்தக் காலில் நிற்பார்கள் என்று இப்போது எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு, யாருடைய வேலையை என்று கேட்காத அறிவுரை. தன் தட்டைத் தானே கழுவுவது தற்சார்பு. அண்ணன் தட்டையும் சேர்த்துக் கழுவுவது பணிவிடை. இரண்டும் ஒரே குழாயடியில் நடப்பதால் வித்தியாசம் நம் கண்ணில் படவில்லை. மகனுக்குத் தன் வேலையைச் செய்யக் கற்றுத்தர வேண்டும். மகளுக்குத் தன் வேலையோடு நிறுத்திக்கொள்ளக் கற்றுத்தர வேண்டும். இந்த இரண்டாவது பாடத்தை நம் வீடுகளில் யாரும் நடத்துவதில்லை.

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமிகள் மணலில் வீடு கட்டிச் சிறுசோறு சமைத்து விளையாடுவார்கள். பாட்டுடைத் தலைவனான சிறுவன் அதைக் காலால் சிதைக்க வருவான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதுதான் பாட்டு. சந்தம் அழகாகவே இருக்கும், மறுக்கவில்லை. பிறகு அவன் சிறுபறை முழக்கவும் சிறுதேர் உருட்டவும் போய்விடுவான். கலைந்த மணலை யார் கூட்டினார்கள் என்பது நான் படித்த எந்தப் பிள்ளைத்தமிழிலும் இல்லை.

அந்தச் சிறுவன் வளர்ந்ததும் என்ன ஆகிறான்? 2024இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்தே ஆட்களைக் கணக்கில் சேர்க்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அந்த 88கூட, வேலையைத் தொட்ட ஆண்களின் சராசரிதான். தொடாதவர்கள் அதில் வரவேயில்லை.

"அம்மாவுக்கு உதவி செய்" என்று சொல்லியே பிள்ளைகளைப் பழக்குகிறோம். உதவி என்றாலே வேலை அம்மாவுடையது என்றாகிவிடுகிறது. அதே சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பின்னாளில் "நான் என் மனைவிக்கு உதவி செய்வேன்" என்று பெருமையடிக்கிறான்.

துடைப்பம் சாதி பார்த்தும் கைமாறுகிறது. பள்ளிக் கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்று எத்தனை செய்திகள் படித்திருக்கிறோம்! எல்லோரும் முறைவைத்துச் செய்யாத எந்த வேலையையும் பயிற்சி என்று அழைக்க நான் தயாரில்லை.

என் வீட்டுக்கு வருகிறேன். மகனுக்கு ஏழு வயது. சாப்பிட்ட தட்டை அவனையே கழுவச் சொன்ன அன்று, ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, "ஆம்பளப் புள்ளய எச்சித் தட்டக் கழுவ வச்சிட்டியேடி" என்று பதறினார். அம்மாவோடு சண்டை போட்டேன். ஆனால் மறுநாள் காலை அவசரத்தில் நானே கழுவினேன். நான் கழுவினால் அரை நிமிடம். அவன் கழுவினால் ஐந்து நிமிடம், தரையெல்லாம் தண்ணீர். அந்த நாலரை நிமிடத்தை மிச்சம்பிடித்து மிச்சம்பிடித்துத்தான் தலைமுறை தலைமுறையாக இப்படி ஆண்களை வளர்த்திருக்கிறோம். இதையும் அம்மாக்கள் தலையிலேயே கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த நாலரை நிமிடம் அப்பாக்களிடம் தாராளமாகவே இருக்கிறது.

இப்போது அவனே கழுவுகிறான். தட்டோரத்தில் குழம்புக் கறை நிற்கும். மறுபடி கழுவத் துடிக்கிற கையை அடக்கிக்கொண்டு அப்படியே அடுக்குகிறேன். போன வாரம் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கேட்டான்: "அம்மா, அப்பாவுக்கு எத்தன வயசானா அவரே கழுவுவாரு?"

அவன் அப்பா கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். கேள்வி அவருக்கானது. நான் எழுந்து விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.