மக்பெத்தின் அருஞ்சொற்கள்

கல்லூரி மாணவர்கள் ‘மக்பெத்’ நாடகத்தைப் படிக்கும் விதம் எங்களுக்குக் கவலை தருகிறது. பரீட்சைக்கு முந்தின வாரம் அருஞ்சொற்பொருள் பட்டியல் மட்டும் மனப்பாடம் ஆகிறது. சொல்லுக்குப் பொருள் தெரிகிறது. யார், எந்த நெருக்கடியில் அதைச் சொன்னார் என்பது நழுவிப்போகிறது.

ஷேக்ஸ்பியர் இதை எழுதியது 1606 வாக்கில். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதியை ராபர்ட் காட்ரி வெளியிட்டது 1604இல். சுமார் 2,500 சொற்கள் கொண்ட சிறு நூல். ஆக, அன்று நாடகம் பார்த்த லண்டன்வாசிக்கும் பல சொற்கள் புதியவையே. அவருக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்தது நாடகம்தான்.

டங்கன் மன்னனைக் கொன்றுவிட்டு வந்த மக்பெத் தன் கைகளைப் பார்க்கிறான். இந்த ரத்தம் கடலையே நிறம் மாற்றிவிடும் என்று சொல்ல ‘இன்கார்னடைன்’ என்கிறான். நிறப்பெயராக இருந்ததை ஷேக்ஸ்பியர் வினையாக்கிய இடம் அது. அடுத்த வரியிலேயே பச்சை, சிவப்பு என்று குழந்தைக்கும் தெரிந்த சொற்களால் அதையே மறுபடி சொல்லிவிடுகிறான்.

முதல் அங்கத்தின் ஏழாம் காட்சி இதைவிட நுட்பமானது. டங்கனைக் கொல்லும் முன் மக்பெத் யோசிப்பது கொலையைப் பற்றி. ஆனால் கொலை என்று சொல்ல வாய் வரவில்லை. ‘அது’, ‘அது’ என்றே சுற்றுகிறான். சின்னச் சின்னச் சொற்களாக வந்துகொண்டிருக்கும் பேச்சில் திடீரென்று ‘அசாசினேஷன்’ என்ற நீண்ட சொல் வருகிறது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இது. ஊரில் புழங்காத சொல்லுக்குப் பின்னால் தன் செயலை ஒளிக்கப் பார்க்கிறான். கொலைகாரன் என்ற நேர்ச்சொல் பல வரிகள் கழித்துத்தான் வருகிறது. ஓரத்தில் ‘கொலை’ என்று பொருள் எழுதிக்கொண்டால், அவன் சொல்லத் தயங்கியதை நாமே அவன் வாயில் திணித்துவிடுகிறோம்.

‘ஈக்விவொகேஷன்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள நாடகம் முழுவதும் வேண்டும். பொய் சொல்லாததுபோலவே இரட்டைப் பொருள்பட பேசி ஏய்ப்பது அது. மன்னரைக் கொல்லத் திட்டமிட்ட 1605 வெடிமருந்துச் சதியை ஒட்டி, இயேசு சபைப் பாதிரியார் ஹென்றி கார்னெட் 1606இல் விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கில் பெரிதும் அடிபட்ட விஷயம் இது. நாடகத்தில் அப்படி ஏய்ப்பவனை முதலில் கேலி செய்பவன், போதை தெளியாத வாயிற்காவலன். பார்வையாளர் சிரிக்கிறார். ஐந்தாம் அங்கத்தில், பிர்னம் காடு நகர்ந்து வருகிறது என்ற செய்தி கேட்டதும் மக்பெத்தே அச்சொல்லைச் சொல்கிறான். சூனியக்காரிகளிடம் கேட்ட இரட்டைப் பொருள் வாக்கால் தான் ஏய்க்கப்பட்டது அவனுக்குப் புரியத் தொடங்குகிறது. வாயிற்காவலன் காட்சி ஷேக்ஸ்பியர் எழுதியதல்ல என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் நினைத்தார். கவிஞர் ஷில்லர் தமது ஜெர்மன் வடிவத்தில் அங்கே பக்திப் பாட்டு ஒன்றை வைத்தார். பெரியவர்கள்தான், ஆனாலும் இந்தச் சொல்லின் பாதி வாழ்வை அவர்கள் இழந்தார்கள் என்றே சொல்வோம்.

ஆசிரியர்களிடம் எங்கள் வேண்டுகோள்: ஒரு காட்சியை முதலில் குறிப்புகள் இல்லாமல் மாணவர்களே பாத்திரம் பிரித்து உரக்கப் படிக்கட்டும். அகராதி அதற்குப் பிறகு. அப்போதும் தெரியாத சொல்லைவிட, தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லையே முதலில் தேடச் சொல்லுங்கள். சூனியக்காரிகளுக்கு அடைமொழியாக வரும் ‘வியர்ட்’ இன்றைய ஆங்கிலத்தில் விநோதம். அதன் பழைய பொருள் ஊழ். விநோதமான மூன்று கிழவிகள் என்று படித்துக் கடந்துபோகும் மாணவருக்கு, அந்தப் பொட்டல்வெளியில் மக்பெத் யாரைச் சந்தித்தான் என்பதே தெரியாமல் போய்விடும்.