நிறைகுடமும் குறைகுடமும்

நிறைகுடம் தளும்பாது என்பர். ஆயினும் குறைகுடத்தின் கூத்தாட்டத்தையே திறமையென்று கற்றோரும் நம்பிவிடுவதுண்டு. அதனால் விளையும் தீங்கிற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் காண்போம்.

2003ஆம் ஆண்டில் எலிசபெத் ஹோம்ஸ் என்னும் 19 வயதுப் பெண், பின்னாளில் தெரனோஸ் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுத்த சில துளி இரத்தத்தைக் கொண்டே நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்யலாம் என்றார். முன்னாள் வெளியுறவு அமைச்சர்களான ஹென்றி கிஸ்ஸிஞ்சரும் ஜார்ஜ் ஷுல்ட்ஸும் இயக்குநர் குழுவில் அமர்ந்தனர். நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலராக உயர்ந்தது. கருவி எவ்வாறு இயங்குகிறது என்று கேட்டால், அது தொழில் இரகசியம் என்பதே விடை! உண்மையில் அக்கருவி செய்தவை ஒரு சில பரிசோதனைகளே. எஞ்சியவை பிற நிறுவனங்களின் இயந்திரங்களில் நடந்தன.

இரத்தப் பரிசோதனை பிழையானால் நோயற்றவர் மருந்துண்பார். நோயுற்றவர் மருந்தின்றி வாடுவார். இதை எண்ணிக் கலங்கியவர்களுள் ஒருவர், கல்லூரிப் படிப்பை முடித்தவுடன் அங்கு வேலைக்குச் சேர்ந்த எரிக்கா சியுங் என்ற இளம்பெண். தவறுகளைச் சுட்டிக் காட்டினார், பயனில்லை. வேலையைத் துறந்தார். 2015இல் அரசு அதிகாரிகளுக்கு எழுதினார். 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. 2022இல், முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்திற்காக ஹோம்ஸுக்குப் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

போலித் திறமையை நாம் எப்படி அறிவது? வேலையைக் காட்டாமல் வாக்குறுதியைக் காட்டுவது ஓர் அடையாளம். பெரியோர் பெயரைக் கேடயமாக்குவது மற்றொன்று. கேள்வி கேட்பவரைப் பகைவராக எண்ணுவது மூன்றாவது. உண்மையாய்க் கற்றவரோ, செய்து காட்டுவார்; தெரியாததைத் தெரியாது என்பார். எனவே, கூச்சத்தால் பேசாதிருப்பவரைத் திறமையற்றவர் என்றும் நாம் தள்ளிவிடலாகாது. மரத்தை அதன் கனியைக் கொண்டு அறியும்படி நம் ஆண்டவர் கற்பித்ததும் இதையே அன்றோ?

பிறரைச் சோதிக்குமுன் நம்மையும் சோதித்துக்கொள்வோம். செய்யாத சோதனையைத் தோழியின் ரிக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, செய்ததாக ஆசிரியையிடம் நீட்டும் கை நம்முடையதே. சிறிய பொய்தான், ஆயினும் விதையும் சிறியதே. நாளை நம்முள் சிலர் பொறியாளராகலாம். சிலர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றலாம். அன்று ஒரு நோயாளியின் உயிர் நம் சொல்லை நம்பியிருக்கும்.

ஆகவே, தெரியாது என்று சொல்ல வெட்கப்படோம், தெரிந்துகொள்ள மறவோம்.