விடுதலைக்கு முந்தைய ஓராண்டு

புழல், வேலூர், கோவை, பாளையங்கோட்டை சிறைகளை ஒட்டிச் சிறைத் துறை நடத்தும் ‘ஃப்ரீடம்’ பெட்ரோல் பங்குகளில் வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்புகிறவர்கள் தண்டனைக் கைதிகள். பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க் ஒன்றும் 2023இல் புழலில் திறக்கப்பட்டது. அளவு சரியாக இருக்கும் என்று தேடிப்போய் அங்கே பெட்ரோல் போடுகிறவர்கள் உண்டு. ஆயுள் தண்டனை பெற்றவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறை வாங்க யாருக்கும் தயக்கமில்லை. அதே மனிதர் தண்டனை முடிந்து வெளியே வந்து ஒரு தனியார் பங்கில் வேலை கேட்டால், “இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?” என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். இதில் முதலாளிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விடுதலை என்பதைக் கதவு திறக்கும் ஒருநாள் காரியமாகவே அரசும் நடத்திவருகிறது.

இந்த நிலை மாற வேண்டும். தண்டனைக் கைதி ஒவ்வொருவருக்கும், விடுதலை நாளுக்கு ஓராண்டு முன்பே ஆயத்தப் பணி தொடங்க வேண்டும். கண்காணிப்பாளரின் நல்ல மனதையோ தொண்டு நிறுவனத்தின் கருணையையோ நம்பி அது இருக்கக் கூடாது; சட்டம் விதித்த கடமையாக வேண்டும்.

பத்துப் பதினான்கு ஆண்டுகள் கழித்து வெளியே வருகிறவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். உள்ளே போனபோது எழுதி வாங்கிக்கொண்ட கைபேசியைத் திருப்பித் தருகிறார்கள். அதிலிருந்த சிம் எப்போதோ செயலிழந்து, அந்த எண் வேறு யாருக்கோ போயிருக்கும். ஆதாரில் இருப்பது அந்தப் பழைய எண் என்றால், ஓடிபி யாரோ ஒருவருக்குப் போகும். இரண்டாண்டு வரவுசெலவு இல்லாத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டு கடந்திருந்தால், மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறதா என்பதை ஊருக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். சிறையில் உழைத்துச் சேர்த்த கூலி கையில் இருக்கலாம்; தான் இன்னார் என்று காட்டக் கையில் இருப்பது விடுதலைச் சான்று ஒன்றுதான். அதை எந்த அலுவலகத்தில் நீட்டினாலும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார்கள்.

இத்தனையையும் சிறைக்குள்ளேயே முடித்துத் தர முடியும். மாதம் ஒரு நாள் ஆதார் மையத்தின் கருவியும் வங்கி அலுவலர் ஒருவரும் சிறைக்கு வந்தால் போதும். ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும், வெளியேறுபவரிடம் அடையாள ஆவணங்களும் தங்க இடமும் வேலையும் ஊர் போய்ச் சேர வழியும் இருப்பதை உறுதிசெய்யச் சொல்கின்றன. தண்டனையின் தொடக்கத்திலேயே விடுதலைக்குப் பிந்தைய வாழ்வை யோசிக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன.

தமிழ்நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டத்தை 1925இலேயே இயற்றிய மாகாணம் இது. முதல்முறை சிறைக்கு வரும் இளைஞர்களுக்கு ‘பறவை’ திட்டம் இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புகள் சிறைக்குள் நடக்கின்றன. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ அரங்கில் கைதிகளுக்காக மக்கள் புத்தகங்களை அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை வாசல் கதவோடு நின்றுவிடுகின்றன.

கால அவகாசம் இல்லை என்ற சாக்கும் எடுபடாது. அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் 1,405 பேர் விடுவிக்கப்பட்டார்கள். 2021இல் 700 ஆயுள் கைதிகளின் முன்விடுதலையை முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அறிவிப்பு ஒரே நாளில் வந்தாலும், முன்விடுதலைக் கோப்பு காவல் துறை, நன்னடத்தை அலுவலர், உள்துறை என்று மாதக்கணக்கில் சுற்றுகிறது. வெளியே போனால் இவரை யார் ஏற்பார்கள் என்று நன்னடத்தை அலுவலர் விசாரிக்கிறார். ஏற்க யாருமில்லை என்று தெரிந்தால், அது விடுதலைக்குத் தடையாகிறதே தவிர, அரசு செய்ய வேண்டிய வேலையாக மாறுவதில்லை.

ஏற்க ஆள் இருந்தாலும் ஊருக்குப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். பழிக்குப் பழி ஓயாத தென்மாவட்டக் கிராமங்களில், வெளியே வந்தவர் எந்தப் பேருந்தில் வருகிறார் என்று எதிர்த்தரப்பு விசாரித்துக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவருக்கு வேறொரு மாவட்டத்தில் சில மாதம் தங்க ஓர் இடம் கொடுப்பது அவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ராஜஸ்தானின் சாங்கானேர் திறந்தவெளிச் சிறையில் கைதிகள் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். பகலில் வெளியே போய்ச் சம்பாதித்து, மாலையில் பெயர் கூப்பிடும்போது திரும்பி வந்து நிற்கிறார்கள். 1960களிலிருந்து இது நடக்கிறது. நம்மிடமும் சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பிலும் திறந்தவெளிச் சிறைகள் உண்டு. சிறைத் துறைப் பண்ணைகளாக இருக்கும் அவற்றைச் சாங்கானேர் வழியில், தண்டனையின் கடைசி ஆண்டுக்கான இடமாக மாற்றலாம்.

எல்லாம் கிடைத்தாலும் மிச்சமிருப்பது அந்தப் பழைய வழக்கு. வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானபோது, சுதேசிக் கப்பலும் இல்லை, வழக்காட சன்னதும் இல்லை. சென்னையில் கடை வைத்தும் பார்த்தார், வறுமை விடவில்லை. சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியில்தான் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தேசமே கொண்டாட வேண்டியவருக்கே தொழில் திரும்பக் கிடைக்க இந்தப் பாடு என்றால், அடிதடி வழக்கில் உள்ளே போய்வந்த ஆட்டோக்காரருக்கு எந்த நீதிபதி வருவார்?

பிரிட்டன் 1974இல் ஒரு சட்டம் போட்டது. குறிப்பிட்ட காலம் தவறின்றி வாழ்ந்தால், பெரும்பாலான தண்டனைகளை வேலை கேட்கும் இடத்தில் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டிலும் சிறார் நீதிச் சட்டம் சிறுவர்களுக்குப் பொதுவாக இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. பெரியவர்களுக்கு இப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற அரசியல்வாதி, விடுதலையாகி ஆறாண்டு கழிந்தால் தேர்தலில் நிற்கலாம். இரவுக் காவலாளி வேலை கேட்பவருக்கு அந்த ஆறாண்டுக் கணக்கும் கிடையாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு விலக்கு இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஒரு கால எல்லை வேண்டும்.

படித்த பிள்ளைகளுக்கே வேலையில்லை, குற்றவாளிக்கு இவ்வளவு செய்வதா என்ற கேள்வி வரும். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கோபமும் நியாயமானது. கைதியின் கூலியில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்னது. அதை ஒழுங்காகச் சேர்ப்பதும் அரசின் வேலைதான். ஆனால் தண்டனை எத்தனை ஆண்டு என்பதை நீதிமன்றம் அளந்து தந்திருக்கிறது. அதற்கு மேல் கூட்டிக்கொள்ளும் உரிமையை யாரும் யாருக்கும் தரவில்லை. சோற்றுக்கு வழியில்லாமல் வெளியே வருகிறவரைப் பழைய கூட்டாளிதான் முதலில் தேடி வருவான்.

விசாரணைக் கைதிகளின் சங்கடம் வேறு. 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 விழுக்காட்டினர் அவர்கள். எந்த நாளில் ஜாமீன் வரும் என்று தெரியாதவருக்கு ஓராண்டுத் திட்டம் பொருந்தாது. ஆவணச் சிக்கல்களைத் தீர்க்கும் பணியையாவது அவர்களுக்கு உள்ளே வந்த வாரமே தொடங்கலாம்.

சிறை மாநிலப் பட்டியலில் உள்ள துறை. ஒன்றிய அரசு 2023இல் மாதிரிச் சட்டம் ஒன்றை அனுப்பியிருக்கிறது. அதையே நம்பியிராமல் தமிழ்நாடு தன் சட்டத்தைத் தானே எழுதலாம். நன்னடத்தை அலுவலர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, விடுதலைக்கு முந்தைய ஓராண்டையும் பிந்தைய ஓராண்டையும் அவர்கள் பொறுப்பில் விட வேண்டும். தனியாரிடம் வேலை கேட்கச் சொல்லும் முன், ஆவின், கூட்டுறவு நூற்பாலைகள், வனத் துறை நாற்றங்கால்கள் ஆகியவற்றில் ஆண்டுதோறும் இத்தனை இடம் என்று அரசே ஒதுக்கி, அந்த இடங்களுக்கு வருபவர்களிடம் காவல் துறை சரிபார்ப்பு கேட்பதில்லை என்று அரசாணை போடட்டும்.